நூறு மைல் பாறைப் பாதையில் ஒரு பிக்கப் வண்டி!

அமெரிக்காவில் பிக்கப் வண்டி இல்லாத ஊரே கிடையாது.

முன்னால் நான்கைந்து பேர் உட்கார இடம் இருக்கும். பின்னால் திறந்த தொட்டி இருக்கும். அதில் செங்கல் ஏற்றுவார்கள். வைக்கோல் கட்டு ஏற்றுவார்கள். வீடு மாறினால் கட்டிலும் பீரோவும் அதில்தான் போகும்.

போர்டு கம்பெனியின் "எப்" வரிசை பிக்கப் வண்டிகள் 1977-ம் ஆண்டில் அந்த நாட்டு லாரி விற்பனையில் முதல் இடத்தைப் பிடித்தன. பல பத்தாண்டுகள் ஆகியும் அந்த இடத்தை விடவில்லை. அந்த ஊர் மக்களுக்கு பிக்கப் மேல் அவ்வளவு ஆசை!

தார் ரோட்டில் அதை ஓட்டுவது பெரிய காரியம் அல்ல. தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை. பாறையும் மணலும்தான் பாதை என்றால், அங்கே அந்த வண்டி போகுமா?

"போகாது. டயரைப் பெரிதாக மாற்ற வேண்டும். வண்டியைத் தூக்கிக் கட்ட வேண்டும். முன்னால் இரும்புக் கயிறு சுற்றும் எந்திரம் பூட்ட வேண்டும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. இதற்காகப் பல ஆயிரம் டாலர் செலவழிக்கிறவர்களும் உண்டு. அப்படிச் செலவழித்த வண்டிகளில் பல, கடைத்தெருவைத் தாண்டியது இல்லை என்பது வேறு விஷயம்!

உண்மை என்ன? கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால், நடுத்தரமான கரடுமுரடுப் பாதையில் தாராளமாகப் போகும். ஆனால் ஓட்டுகிறவருக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வண்டிக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து.

அப்படி ஒரு பாதையில் போய் வருவோமா? ஏறிக்கொள்ளுங்கள்!

மூன்று மாடி பூமி

அமெரிக்காவின் மேற்கே யூட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் தென்கிழக்கு மூலையில் மோவாப் என்ற சிறிய ஊர். பைபிளில் ரூத் என்ற பெண்ணின் கதை வருகிறது அல்லவா? அவள் பிறந்த நாட்டின் பெயரைத்தான் இந்த ஊருக்கும் வைத்தார்கள்.

மோவாப்புக்கு அருகே "கேனியன்லேண்ட்ஸ்" தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். இங்கே அது எதுவும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்புப் பாறை. பாறையை அறுத்துக்கொண்டு இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. ஒன்று கொலராடோ. மற்றொன்று பச்சை ஆறு. அங்கே அதை "கிரீன் ரிவர்" என்பார்கள். இரண்டும் பூங்காவின் நடுவில் ஒன்று சேர்கின்றன.

இந்த இடத்தை மூன்று மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடி, மேசை போலத் தட்டையான ஒரு மலை. "வானத்தில் ஒரு தீவு" என்று அதற்குப் பெயர். அதற்கு ஏறக்குறைய 1,200 அடி கீழே நடு மாடி. 1,200 அடி என்றால், இருபது தென்னை மரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்திய உயரம்! இந்த நடு மாடியின் ஓரம் முழுவதும் வெள்ளைப் பாறை விளிம்பு கட்டியது போல இருக்கும். அதற்கும் கீழே, பல நூறு அடி ஆழத்தில், ஆறுகள்.

நடு மாடியைச் சுற்றி ஒரு பாதை போகிறது. அதன் பெயர் "ஒயிட் ரிம்" பாதை. வெள்ளை விளிம்பு என்று பொருள். நீளம் 100 மைல். பூங்கா அதிகாரிகள் இதை "நடுத்தரமான கஷ்டம் உள்ள பாதை" என்று வகைப்படுத்தி இருக்கிறார்கள். மழை இல்லாத நல்ல நாளில்தான் இந்தக் கணக்கு. மழை பெய்தால் கணக்கு மாறிவிடும்.

யுரேனியம் வேட்டை

மனித வாடையே இல்லாத இந்த இடத்தில் யார் பாதை போட்டார்கள்? ஏன் போட்டார்கள்?

அணுகுண்டுதான் காரணம்!

இரண்டாவது உலகப்போர் முடிந்தது. அமெரிக்காவும் ரஷியாவும் போட்டி போட்டுக்கொண்டு அணுகுண்டு செய்தன. குண்டு செய்ய யுரேனியம் வேண்டும். "யுரேனியம் கண்டுபிடித்துக் கொடுத்தால் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்" என்று அமெரிக்க அணுசக்தி கமிஷன் அறிவித்தது. நாடு முழுவதும் இருந்து ஆட்கள் யூட்டா பாலைவனத்துக்கு ஓடி வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் சார்லஸ் ஸ்டீன். நிலவியல் படித்தவர். மனைவியும் நான்கு பிள்ளைகளும் உண்டு. கையில் பணம் கிடையாது. யுரேனியம் தேடுகிறவர்கள் எல்லாரும் "கைகர்" என்ற கருவியை வைத்திருப்பார்கள். யுரேனியம் பக்கத்தில் இருந்தால் அது டிக், டிக் என்று சத்தம் போடும். அதை வாங்கக்கூட ஸ்டீனிடம் காசு இல்லை.

1952-ம் ஆண்டு ஜூலை மாதம். மோவாப்புக்குத் தெற்கே அவர் துளை போட்டுக்கொண்டிருந்தபோது எந்திரம் உடைந்துவிட்டது. துளையில் இருந்து வந்த ஒரு கருப்புக் கல்லை ஜீப்பில் போட்டுக்கொண்டு, மனம் நொந்து ஊர் திரும்பினார். வழியில் நண்பர் ஒருவரிடம் கைகர் கருவி இருந்தது. விளையாட்டாக அந்தக் கல்லை அதன் அருகே வைத்தார். முள் எகிறிக் குதித்தது!

ஸ்டீன் ஒரே நாளில் கோடீசுவரர் ஆகவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் ஆகிவிட்டார். மோவாப் ஊரைப் பார்த்தாற்போல் குன்றின்மேல் மாளிகை கட்டினார். 1960-களின் கடைசியில் திவாலும் ஆனார். அது தனிக்கதை.

ஸ்டீனுக்கு அடித்த அதிர்ஷ்டத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். அவர்களுக்காகப் பாலைவனத்தில் எங்கு பார்த்தாலும் பாதைகள் வெட்டப்பட்டன. ஒயிட் ரிம் பாதையும் அப்போது வெட்டப்பட்டதுதான். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பக்கம் யுரேனியம் சொல்லும்படியாகக் கிடைக்கவில்லை. தேடி வந்தவர்கள் போய்விட்டார்கள். பாதை மட்டும் மிஞ்சியது.

1964-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். இந்த இடம் தேசியப் பூங்கா ஆனது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பாதையை வெட்டியதே லாரிகளுக்காக! 1950-களில் இங்கே ஓடிய வண்டிகளுக்கு இன்று உள்ள வசதிகள் எதுவும் கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு லாரி 1946-ம் ஆண்டில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. "டாட்ஜ் பவர் வேகன்" என்ற அந்த லாரி, போர்க்களத்தில் ஓடிய ராணுவ லாரியின் தம்பி.

சின்னக் கியர் செய்யும் வேலை

புறப்படும் முன் வண்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

டிரைவர் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். பழைய வண்டியில் ஒரு சிறிய தடி இருக்கும். அதில் மூன்று நிலை. முதல் நிலையில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். தார் ரோட்டுக்கு அது போதும். இரண்டாவது நிலையில் நான்கு சக்கரமும் இழுக்கும். மணலுக்கும் பனிக்கும் அது உதவும். மூன்றாவது நிலைதான் முக்கியம். நான்கு சக்கரமும் இழுக்கும். அத்துடன் எல்லாக் கியரும் இரண்டரை மடங்கு சின்னதாகிவிடும்.

இதனால் என்ன லாபம்? எஞ்சின் வேகமாகச் சுற்றும். சக்கரம் ஆமைபோல நகரும். வேகம் குறைகிற அளவுக்கு இழுக்கும் பலம் கூடும். சுவர்போல நிற்கும் ஏற்றத்தில் வண்டி உறுமாமல், குதிக்காமல், படி ஏறும் கிழவி போல நிதானமாக ஏறும்.

இறங்கும்போது இது இன்னும் பெரிய உதவி. செங்குத்தான சரிவில் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே போனால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். சின்னக் கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு வேலை குறையும். இந்த வசதி இல்லாத வண்டியை ஒயிட் ரிம் பாதையில் விடமாட்டார்கள்.

அடுத்தது "டிபரன்சியல்". பெயர்தான் பெரிது. விஷயம் எளிது.

களத்தில் மாடுகளைப் பிணைத்துப் போரடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உள்பக்கத்து மாடு மெதுவாக நடக்கும். வெளிப்பக்கத்து மாடு எட்டிப் போடும். வண்டி திரும்பும்போது சக்கரங்களும் அப்படித்தான். வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். அப்படி இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி செய்கிற பல்சக்கரக் கூட்டம்தான் டிபரன்சியல்.

நல்ல ரோட்டில் இது வரம். பாறையில் இதுவே சாபம்! ஒரு சக்கரம் குழியில் இறங்கி, எதிர்ச்சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டது என்று வையுங்கள். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் காற்றில் விர் என்று சுற்றும். தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது.

புது வண்டிகளில் இதற்கு மருந்து இருக்கிறது. வீணாகச் சுற்றும் சக்கரத்தைக் கம்ப்யூட்டரே பிரேக் போட்டுப் பிடிக்கும். பலம் மறு சக்கரத்துக்குப் போகும். சில வண்டிகளில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட ஒரு பொத்தான் உண்டு. பழைய வண்டியில் இவை இல்லை என்றால் என்ன செய்வது? சக்கரம் தூக்காத வழியாகப் பார்த்து ஓட்ட வேண்டியதுதான்.

பிக்கப் வண்டிக்கு ஒரு குறையும் உண்டு. அது நீளம். இரண்டு கதவு ஜீப்பில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய 97 அங்குலம். நடுத்தர பிக்கப்பில் 127 அங்குலம். பெரிய பிக்கப்பில் 145 அங்குலம். மேட்டின் உச்சியில் முன் சக்கரம் தாண்டி, பின் சக்கரம் தாண்டுவதற்குள் நடு வயிறு பாறையில் உட்கார்ந்துவிடும். அல்லது பள்ளத்தில் இருந்து ஏறும்போது வால் பக்கம் தரையில் இழுக்கும். ஜீப்காரர் சீட்டியடித்துக்கொண்டு போகும் இடத்தில் பிக்கப்காரர் இறங்கிப் பார்க்க வேண்டும்.

காற்றைக் குறை!

பாதையின் தொடக்கத்தில் வண்டி நிற்கிறது. டிரைவர் இறங்கி நான்கு டயரிலும் காற்றைத் திறந்து விடுகிறார். "என்ன அநியாயம்! நல்ல டயரில் காற்றைப் பிடுங்குகிறாரே" என்று தோன்றும்.

செலவே இல்லாத, மிகப் பெரிய உதவி இதுதான்.

காற்று நிறைந்த பந்து கல்லில் பட்டால் துள்ளும். காற்று குறைந்த பந்து கல்லைக் கவ்வும். டயரும் அப்படியே. தார் ரோட்டில் 35 பவுண்டு காற்று வைத்திருந்தால், இங்கே 20 முதல் 25 பவுண்டு வரை குறைப்பார்கள். டயர் தரையில் நீளமாகப் படியும். பிடிப்பு கூடும். மணலில் புதையாது. கூரான கல்லும் சீக்கிரம் குத்தாது. உட்கார்ந்திருப்பவர்களின் இடுப்பும் தப்பிக்கும்! சுமை இல்லாத பிக்கப்பில் பின்பக்கக் கமான் பட்டை எப்படித் தூக்கிப் போடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அளவுக்கு மீறிக் குறைத்தால் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். திரும்பி வந்து காற்றை நிரப்பாமல் நெடுஞ்சாலையில் வேகமாகப் போனாலும் டயர் சூடேறி வெடித்துவிடும். எனவே காற்று அடிக்கும் சிறிய எந்திரம் ஒன்று கூடவே வர வேண்டும்.

வேறு என்ன எடுத்துப் போக வேண்டும்?

தண்ணீர்! ஒயிட் ரிம் பாதை முழுவதும் ஒரு குழாய் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது வேண்டும். கோடையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். அப்போது 4 லிட்டரும் போதாது. மூன்று நாள் பயணம், நான்கு பேர் என்றால் 48 லிட்டர். வண்டி நின்றுவிட்டால் என்று இன்னும் ஒரு நாள் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் டாங்கை மோவாப்பிலேயே கழுத்து வரை நிரப்ப வேண்டும். ஸ்டெப்னி டயரைக் கீழே இறக்கிப் பார்த்து, காற்று இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஜாக்கி, மணலில் ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை, மண்வெட்டி, இழுக்கும் பட்டை, மருந்துப் பெட்டி. அவ்வளவுதான். பெரிய டயருக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்கு ஆகாது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்தப் பயணத்துக்கு அச்சாணி, தண்ணீர்க் குடமும் ஸ்டெப்னியும்தான்.

கை போன் பெரும்பாலான இடங்களில் வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியைச் சிலர் கொண்டு போகிறார்கள். 2022-ம் ஆண்டில் இருந்து சில கை போன்களிலும் ஆபத்துக் காலத்துக்கு அந்த வசதி வந்திருக்கிறது. எது இருந்தாலும் சரி, "இன்ன வழியாகப் போகிறோம், இன்ன நாள் திரும்புவோம்" என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதே பழைய, நல்ல வழக்கம்.

வளைவுகளில் இறக்கம்

மொட்டை மாடியில் இருந்து நடு மாடிக்கு இறங்கும் வழிக்கு "ஷேபர்" பாதை என்று பெயர். முதலில் அது செவ்விந்தியர்கள் நடந்த தடம். 1900-களின் தொடக்கத்தில் ஷேபர் குடும்பத்தார் மாடு ஓட்டுவதற்காக அதைச் சீர்ப்படுத்தினார்கள். பிறகு யுரேனியம் லாரிகளுக்காக அகலப்படுத்தினார்கள்.

1,500 அடி இறக்கம்! பாறைச் சுவரை ஒட்டிக் கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் சுவர். மறு பக்கம் ஆகாயம். தடுப்புச் சுவர் கிடையாது.

வண்டியைச் சின்னக் கியரில் போட்டு, காலைப் பிரேக்கில் லேசாக வைத்து இறங்குகிறோம். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். குழந்தைகள் தலையை வெளியே நீட்டுவார்கள். இரண்டும் உலகம் முழுவதும் ஒன்றுதான்!

எதிரே வண்டி வந்தால்? மேலே ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை. இறங்குகிறவர் அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால் நல்ல டிரைவர் அடுத்த வளைவைப் பார்ப்பதில்லை. அதற்கும் அடுத்த வளைவைப் பார்க்கிறார்.

கீழே வந்தால் கொலராடோ ஆற்றுப் பக்கம் ஒரு கிளைப்பாதை பிரியும். "தெல்மா அண்டு லூயிஸ்" என்று 1991-ல் ஒரு ஆங்கிலப் படம் வந்தது. கடைசிக் காட்சியில் இரண்டு பெண்கள் காரோடு பள்ளத்தாக்கில் பாய்வார்கள். அந்தக் காட்சியை எடுத்தது அந்தப் பக்கத்துப் பாறை முனையில்தான்.

நம் பாதை மறு பக்கம் திரும்புகிறது. சில மைல் தூரத்தில் "மசல்மன்" என்ற பாறைப் பாலம். பாறை விளிம்பை ஒட்டி, அடியில் பள்ளத்தோடு, மேலே தட்டையான நடைபாதை போல நிற்கும். மனிதர் கட்டியது அல்ல. முன்பு அதன்மேல் ஆட்கள் நடந்தது உண்டு. பிறகு நடக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

கல்லைத் தாண்டாதே, ஏறு!

நடுப் பகுதியில் பாதை கொஞ்சம் சமமாக இருக்கும். ஆனாலும் மணிக்கு 10, 15 மைலுக்கு மேல் போக முடியாது. ஒரு இடத்தில் மணல். ஒரு இடத்தில் படிக்கட்டுப் போன்ற பாறை.

நடுவழியில் தலையணை அளவு கல் கிடக்கிறது. புதிதாக வருகிறவர் என்ன செய்வார்? இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் அதை விட்டுத் தாண்டப் பார்ப்பார். டமால்! வண்டியின் அடிவயிற்றில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. பின் அச்சின் நடுவில் டிபரன்சியல் உருண்டை தொங்குகிறது. கல் அதில் இடித்தால் எண்ணெய் கொட்டிவிடும். பயணம் அங்கேயே முடிந்தது.

தெரிந்தவர் டயரைக் கல்லின்மேல் ஏற்றுவார். டயர் ஏறினால் வண்டி முழுவதும் உயரும். அடிவயிறு தப்பிக்கும். கல்லின்மேல் ஏறி, மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழக் கூடாது.

கஷ்டமான இடத்தில் ஒருவர் இறங்கி முன்னால் நின்று கையைக் காட்ட வேண்டும். ஒருவர்தான் காட்ட வேண்டும். மாமா ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம் நின்று கத்தினால் டிரைவர் யார் பேச்சைக் கேட்பார்?

"மர்பி" மேடு என்று ஓர் இடம் வருகிறது. இந்தப் பாதையில் பலரும் பயப்படுகிற ஏற்றம். ஒரு வண்டிதான் போகலாம். ஏறும்போது வானம் மட்டுமே கண்ணாடியில் தெரியும்; பாதை தெரியாது. இங்கே ஒருவர் முன்னதாக நடந்து மேலே போய், எதிர் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கை அசைப்பது வழக்கம். பிறகு சின்னக் கியர், முதல் கியர். நடுவில் நிறுத்தாமல், அவசரப்படாமல் ஏற வேண்டும்.

ஏற முடியவில்லை என்றால் வளைத்துத் திருப்பக் கூடாது! குறுக்கே திரும்பிய வண்டி உருண்டுவிடும். ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த வழியே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். கீழே வந்து, வேறு தடம் பார்த்து மறுபடி முயலலாம். அல்லது திரும்பிப் போகலாம். இந்த இடத்தில் திரும்பிப் போகிறவர்தான் என் கணக்கில் சரியான டிரைவர். அவருடைய நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மாட்டிக்கொண்டால்?

மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. உடனே காலை எடுக்க வேண்டும். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். டயர் முன்னால் உள்ள மணலை வாரிவிட்டு, காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்து, மெதுவாக நகர்த்தினால் பாதி வண்டிகள் வெளியே வந்துவிடும்.

மற்றொரு வண்டி இழுப்பதானால் எச்சரிக்கை வேண்டும். பட்டையை வண்டியின் சட்டத்தில் உள்ள உறுதியான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பின்னால் டிரெய்லர் பூட்டுவதற்கு என்று ஒரு இரும்பு உருண்டை இருக்கும். அதில் மாட்டி வெட்டி இழுத்தால் உருண்டை பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டு போலப் பறக்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது மற்றவர்கள் தூரப் போய் நிற்க வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை, வண்டி ரிப்பேர். அப்போது ஊரில் இருந்து இழுவை வண்டியை அழைக்க வேண்டும். அதற்குக் கூலி 1,000 டாலருக்கு மேல் ஆகும்! ஆள் வருவதற்கு நேரமும் ஆகும். அதுவரை வண்டியை விட்டு நடக்கக் கூடாது. தண்ணீர் வண்டியில் இருக்கிறது. நிழலும் வண்டிதான். தேடி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் வண்டிதான்.

மண்ணுக்கு உயிர் உண்டு

இரவில் எங்கு வேண்டுமானாலும் தங்க முடியாது. குறிப்பிட்ட முகாம்கள் இருக்கின்றன. முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கும் அனுமதிச் சீட்டு உண்டு. விறகு எரிக்கக் கூடாது. நாயை வண்டிக்குள் வைத்துக்கூட அழைத்துப் போகக் கூடாது.

பாதையை விட்டு ஒரு அடிகூட வண்டியை இறக்கக் கூடாது. காரணம் வேடிக்கையானது. பாதை ஓரத்து மண், கருகிய அப்பளம் போலக் கருப்பாக, மேடு மேடாக இருக்கும். பார்த்தால் காய்ந்த மண் என்றுதான் நினைப்போம். அது உயிருள்ள மண்! கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மெல்லிய இழைகளை ஓட்டி, மணலை ஒன்றோடு ஒன்று பின்னி வைத்திருக்கின்றன. அதனால்தான் அந்தப் பாலைவனத்து மண் காற்றில் பறக்காமல் இருக்கிறது. அதில்தான் செடி முளைக்கிறது.

ஒரு டயர் ஏறினால் அந்தப் பின்னல் அறுந்துவிடும். மறுபடி கூடப் பல பத்தாண்டுகள் ஆகும். 1950-களில் யுரேனியம் தேடினவர்கள் ஓட்டிய வண்டித் தடங்கள் பாலைவனத்தில் நீண்ட காலம் அழியாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். இப்படி மண் கெடுவதைப் பார்த்துவிட்டு 1985-ல் அமெரிக்க வன இலாகா, "மெதுவாகக் கால் வையுங்கள்" என்று வண்டிக்காரர்களிடம் ஒரு பிரசாரமே தொடங்கியது.

வெள்ளமும் வரும்

பாதையின் கடைசிப் பகுதி பச்சை ஆற்றை ஒட்டிப் போகிறது. ஆறு பெருகினால் பாதையில் தண்ணீர் ஏறிவிடும். "ஹார்ட்ஸ்கிராபிள்" என்ற இன்னொரு குன்றும் இங்கே இருக்கிறது. குறுகல், செங்குத்து, வளைவு மூன்றும் சேர்ந்தது. மர்பி மேட்டைத் தாண்டி வந்து, "இனிமேல் என்ன" என்று அலட்சியமாக இருப்பவர்களை இது பிடித்துக்கொள்ளும்.

காய்ந்த ஓடைகளைப் பல இடங்களில் கடக்க வேண்டும். ஓடைக்குள் வண்டியை நிறுத்திச் சமைக்கக் கூடாது, தூங்கக் கூடாது. தலைக்கு மேல் வெயில் அடிக்கும். இருபது மைல் தள்ளி மழை பெய்யும். பாறையில் விழுந்த மழை மண்ணில் ஊறாது. அப்படியே திரண்டு, மரமும் கல்லும் உருட்டிக்கொண்டு ஓடைக்குள் பாய்ந்து வரும். வெள்ளம் ஓடுகிற ஓடையை வண்டியால் கடக்க முயலாமல், வடிகிற வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

கடைசியில் "மினரல் பாட்டம்" என்ற இடத்தில் மறுபடி கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏறினால் மேல் மாடி. 2010-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொட்டிய ஒரு மழை இந்த வளைவுகளை அரித்துக்கொண்டு போய்விட்டது. பாதை இருந்த இடத்தில் வெறும் சரிவுதான் மிஞ்சியது. ஒயிட் ரிம் பாதையைச் சுற்றி முடிக்க வழி இல்லாமல் போயிற்று. பிறகு எந்திரங்களைக் கொண்டு வந்து பாறையை வெட்டி, 2011-ல் மறுபடி திறந்தார்கள். அதனால்தான் புறப்படும் நாளன்று காலையில், பாதை திறந்திருக்கிறதா என்று பூங்கா ஆபீசில் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

மேலே ஏறியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, நான்கு டயருக்கும் காற்று அடிக்க வேண்டும். பிறகு குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஒழுகுகிறதா, பிரேக் குழாய் நசுங்கி இருக்கிறதா, சக்கர நட்டு தளர்ந்து இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தார் ரோட்டுக்கு இன்னும் பத்து மைலுக்கு மேல் சரளைப் பாதை பாக்கி இருக்கிறது.